அம்மா பேக்ல ரைஸ் குக்கர்

போர்ட் கிள்ளான் கப்பல் டெர்மினல்ல எல்லாரோட பேக்கும் ஸ்கேனர்ல இருந்து வெளிய வந்துருச்சு, எங்கம்மா பேக் மட்டும் வரல. பெல்ட்ட நிப்பாட்டி பின்னால தள்ளி, மறுபடி முன்னால தள்ளி, ரெண்டு ஆபீஸரு தலைய சாச்சு சாச்சு ஸ்கிரீன பாத்தாங்க, அப்புறம் தொறங்கன்னாங்க. ரெண்டு சேலைக்கு நடுவுல, பச்ச புள்ளைய சுத்துன மாதிரி துண்டு சுத்தி ஒரு சின்ன ரைஸ் குக்கர். அதுக்குள்ள ஒரு கிலோ அரிசி, ஒரு ஊறுகா போத்தல். எனக்கு மானமே போச்சு. அம்மாவுக்கு ஒன்னும் ஆவல. "மூணு ராத்திரி கடல்ல கெடக்கணும், சோறு கெடைக்குமோ கெடைக்காதோ யாரு கண்டா"ன்னு அந்த மலாய்க்கார ஆபீஸருக்கு தமிழ்லயே வெளக்கம் சொல்லிட்டு நின்னுச்சு.

சூடாகுற சாமான் எதையும் கப்பல் ரூமுக்குள்ள கொண்டு போக விடமாட்டாங்க. ரைஸ் குக்கர், கெட்டில், ஐயர்ன் பாக்ஸ், மெழுகுவத்தி, ஊதுவத்தி எல்லாமே தடை, கடல் நடுவுல தீ புடிச்சா ஓட எடம் கெடையாதுல்ல. பல கப்பல்ல எக்ஸ்டென்ஷன் வயரும் கூடாது. குக்கர அவங்க எடுத்து வச்சிக்கிட்டு ஒரு சீட்டு குடுத்தாங்க, எறங்கும்போது காட்டி வாங்கிக்கணும். இந்த சீட்டு கதை கடைசில வரும்.

மொதல்ல, அம்மா ஏன் அரிசி கட்டிக்கிட்டு வந்துச்சுன்னு சொல்லணும். எங்களுக்கு ஊரு பத்தாங் பெர்ஜுந்தை. 2007ல பெஸ்தாரி ஜெயான்னு மாத்திட்டாங்க, ஏன் மாத்துனாங்கன்னு மலாய் தெரிஞ்சவங்க சிரிச்சுக்குவீங்க, நான் எழுதல. ஆனா எங்களுக்கு இன்னும் பழைய பேருதான். 1917ல மலேசியாவுலயே மொதல் தடவையா யாவாரத்துக்கு செம்பனை நட்ட, தென்னமரம்னு பேரு வச்ச தோட்டம் எங்க ஊரு பக்கந்தான். அம்மா பொறந்தது வளந்தது எல்லாம் தோட்டத்து லயத்துல, பால்மரமும் வெட்டியிருக்கு, செம்பனை உதிரியும் பொறுக்கியிருக்கு. எங்க குடும்பத்துல கப்பல்னா ஒரே கப்பல்தான், ரஜூலா. 1926ல கட்டுனது, மெட்ராஸ், நாகப்பட்டணத்துல இருந்து ஆளுங்கள ஏத்திக்கிட்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம்னு வந்துக்கிட்டே இருந்துச்சு, 1974ல ஒடைச்சு பழைய இரும்பா போட்டாங்க. போர்ட் சுவெட்டன்ஹாம்னா வேற எங்கயும் இல்ல, இப்ப இருக்குற போர்ட் கிள்ளான்தான், 1972ல பேரு மாறுச்சு. எங்க அம்மாயி ஒம்பது வயசுல அந்த கப்பல்ல டெக்குல படுத்துக்கிட்டு வந்த ஆளு. வாந்தி, உப்புத்தண்ணி, கூட வந்தவங்க பொங்குன சோறுன்னு அது சொன்ன கதைய கேட்டு வளந்த அம்மாகிட்ட "கப்பல்ல ஜாலியா போய்ட்டு வரலாம் வாம்மா"ன்னா அது என்னத்த நம்பும், சொல்லுங்க. "காசு குடுத்து யாராவது கப்பல் ஏறுவாங்களாடி"ன்னு கேட்டுச்சு.

தைப்பூசம் முடிஞ்ச கையோட, புள்ளைக்கு ஸ்கூல் லீவு இருக்கும்போதே கெளம்புனோம். நானு, எங்க வீட்டுக்காரரு, எட்டு வயசு மவ, அம்மா. போர்ட் கிள்ளான்ல ஏறி பூக்கெட், பினாங்கு, திரும்பி போர்ட் கிள்ளான், மூணு ராத்திரி. எந்த கப்பல்னு சொல்லல, விளம்பரம் மாதிரி ஆயிரும். வந்ததுல இருந்து கோயில்ல, பசார்ல, வாட்சாப்புல எல்லாம் ஆளாளுக்கு கேக்குறாங்க, என்ன எடுத்துட்டு போவணும், வாந்தி வருமா, எவ்ளோ ஆச்சுன்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரேயடியா எழுதிடறேன்.

பாஸ்போர்ட்ட இன்னிக்கே எடுத்து பாருங்க. போய்ட்டு திரும்புற தேதிக்கு மேல ஆறு மாசம் இருக்கணும், இல்லன்னா டெர்மினல்லயே திருப்பி அனுப்பிருவாங்க. அம்மாவோடது நாலு மாசந்தான் இருந்துச்சு, நல்லவேள சீக்கிரமே பாத்தேன். புது பாஸ்போர்ட் எடுக்க அறுவது தாண்டுனவங்களுக்கு நூறு வெள்ளிதான், நமக்கு எரநூறு. சிங்கப்பூர்ல ஏறுற கப்பல்னா இன்னொன்னு, எஸ்ஜி அரைவல் கார்டுன்னு ஆன்லைன்ல மூணு நாளைக்குள்ள போடணும், ஓசிதான், காசு கேக்குற வெப்சைட்டுல போய் மாட்டிக்காதீங்க. அப்புறம் ஜொகூர் பால சடக்க நம்பி அன்னிக்கி காலைல கெளம்பாதீங்க, மொத நாளே போய்ருங்க. பஸ்ஸ விட்டா அடுத்த பஸ்ஸு, கப்பல விட்டா கரையில நின்னு டாட்டா காட்ட வேண்டியதுதான்.

எங்க தலைமுறைக்கு கப்பல்னா வர்கோ. 1993ல நம்ம கெந்திங் ஆளுங்க ஆரம்பிச்ச ஸ்டார் குரூஸ், 1999ல சூப்பர்ஸ்டார் வர்கோன்னு ஒன்ன எறக்குனாங்க, அதுல போய்ட்டு வந்த கிராணி வீட்டு ஆளுங்க ஆல்பத்த காட்டி காட்டி எங்கள வெறுப்பேத்துவாங்க. கொரோனாவுல அந்த கம்பெனி தாங்கல, 2022 ஜனவரில மூடுவிழாவுக்கு மனு போட்டுருச்சு, அதே வருஷம் ஜூன்ல ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூஸஸ்னு புது பேர்ல கெந்திங் ட்ரீம் ஓட ஆரம்பிச்சது. ராயல் கரிபியனும் சிங்கப்பூர்ல இருந்து பெரிய பெரிய கப்பலா விடுறாங்க. மொத தடவ போறவங்களுக்கு எது நல்லதுன்னா, எது கிட்டக்க இருந்து கெளம்புதோ அதுதான் நல்லது. போர்ட் கிள்ளான் கப்பல் டெர்மினல் இருக்குறது புலாவ் இண்டாவுல, எங்களுக்கு ஒன்ற மணி நேரம், காடிய எடுத்தா வந்துட்டோம். பிளைட்டு, ஹோட்டல் செலவு ஒன்னும் இல்ல. ஏழு ராத்திரி எட்டு ராத்திரின்னு மொதல்லயே ஆசப்படாதீங்க. மூணு ராத்திரி போய் பாருங்க, புடிக்கலன்னாலும் தாங்கிக்கலாம்.

ரூம் பத்தி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து இருக்கு. ஜன்னல் இல்லாத உள் ரூம்தான் இருக்கறதுலயே மலிவு, ஜோடியா போற சின்ன வயசுக்காரங்களுக்கு அது போதும், தூங்கத்தானே போறீங்க. ஆனா வயசானவங்கள கூட்டிட்டு போனா பால்கனி ரூமு போடுங்க, ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட்டு, டிரிங்க்ஸ் பேக்கேஜ் எல்லாத்தையும் வெட்டிட்டு அந்த காச இதுல போடுங்க. எங்கம்மா பாதி நேரம் அந்த பால்கனி நாக்காலில உக்காந்துதான் கப்பல் பாத்துச்சு. போர்ட் கிள்ளான்ல இருந்து வடக்க போறப்ப வலது பக்கம் நம்ம நாட்டு கரை, இடது பக்கம் சூரியன் மறையிற சுமத்ரா பக்கம், திரும்பி வரும்போது அப்படியே மாறிரும், புக் பண்ணும்போதே எந்த பக்கம்னு கேட்டுக்கலாம். நாங்க வலது பக்கம் எடுத்தோம். கெளம்பி கொஞ்ச நேரத்துல இருட்டிருச்சு, தூரத்துல வெளிச்சம் வெளிச்சமா தெரிஞ்சுது, அம்மா "நம்ம ஊரு எங்குட்டு புள்ள"ன்னுச்சு. கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவாத்தில, அந்த 1907ல கட்டுன வெளக்கு கோபுரத்துக்கிட்ட நின்னு, கொரங்குக்கு பயந்துக்கிட்டே கடல்ல போற கப்பல எண்ணிக்கிட்டு இருந்த ஆளுங்க நாங்க. இப்ப அந்த கடல்ல இருந்து கரைய தேடிக்கிட்டு நின்னோம். குத்துமதிப்பா ஒரு பக்கம் கைய காட்டுனேன். அம்மா அந்த பக்கம் பாத்து கும்புட்டுச்சு, எதுக்குன்னு நான் கேக்கல.

வாந்தி வருமான்னு கேக்குறவங்களுக்கு. மலாக்கா நீரிணை ரெண்டு பக்கமும் கரை இருக்குற கடலு, பெரும்பாலும் கொளம் மாதிரிதான் கெடக்கும். வருஷ நடுவுல விடிய காலைல சுமத்ரா பக்கத்துல இருந்து திடீர்னு காத்தும் மழையும் அடிச்சு ஓயும், அவ்ளோதான். கெழக்கு கரை பக்கம், தென்சீன கடல் போற கப்பல்னா நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஆட்டும், பூக்கெட் பக்கம் மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் அலை ஜாஸ்தி. மாசத்த பாத்து புக் பண்ணுங்க. பெரிய கப்பலுக்கு அடியில மீன் செட்ட மாதிரி ரெண்டு பக்கமும் ஸ்டெபிலைசர் இருக்கு, ஆட்டத்த பாதிக்கு மேல அதுவே முழுங்கிரும். அதுக்கு மேலயும் பயமா இருந்தா நடுவுல, கீழ் மாடில ரூம் கேளுங்க. சீசா பலகைல நடுவுல உக்காந்தவன் ஆடமாட்டான்ல, அதே கணக்குதான். மேல் மாடி, கப்பலோட மூக்கு பக்கம் எல்லாம் பாக்க அழகு, ஆடும்போது தெரியும் சங்கதி. மாத்திர போடுறதா இருந்தா தல சுத்துறதுக்கு முன்னாலயே போடணும், தூக்கம் வரும். பிரஷர், சுகர் மாத்திர சாப்பிடறவங்க கிளினிக்ல கேட்டுட்டு வாங்குங்க. எங்கம்மா கோடாலி தைலமும் ஆசாம்போயும் இஞ்சி மிட்டாயும் வச்சி மூணு நாள ஓட்டிருச்சு. ஃபோன பாக்காம தூரத்துல கடலும் வானமும் ஒட்டுற எடத்த பாருங்க, அதுவே பாதி மருந்து.

மாத்திரைன்னதும்தான் ஞாவகம் வருது, நான் பண்ண தப்பு. டெர்மினல்ல பெரிய பேக்க வாசல்லயே வாங்கிக்குவாங்க, ரூம் நம்பர் போட்ட அட்டைய கட்டி அனுப்புவாங்க, அது ரூமுக்கு வந்து சேர மணிக்கணக்கா ஆவும். அம்மாவோட பிரஷர் மாத்திரைய அதுல போட்டுட்டேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏறுனோம், பேக் வந்தது ராத்திரி ஏழு மணிக்கு. அதுவரைக்கும் அம்மா நல்லாத்தான் இருந்துச்சு, எனக்குத்தான் பிரஷர் ஏறிப்போச்சு. மாத்திர, பாஸ்போர்ட், சார்ஜர், புள்ளைக்கு குளிக்குற துணி, ஒரு மாத்து துணி எல்லாம் கைப்பைல. ஏறுன ஒடனே சுவிம்மிங் பூல் காலியா கெடக்கும், குளிக்குற துணி கைல இருக்குறவன் அன்னிக்கி ராஜா.

கெளம்புறதுக்கு முன்னாடி பாதுகாப்பு பயிற்சி ஒன்னு நடக்கும், மஸ்டர் ட்ரில். இத டிமிக்கி குடுக்க முடியாது, கார்ட ஸ்கேன் பண்ணி கணக்கெடுப்பாங்க, வராதவங்கள தேடுவாங்க. ஏழு தடவ குட்டையா சங்கு ஊதி எட்டாவதா ஒன்னு நீளமா ஊதுனா அதான் ஆபத்து சத்தம், ஒடனே ஒங்களுக்குன்னு சொல்லி வச்ச எடத்துக்கு போவணும். நாங்கெல்லாம் சலிச்சுக்கிட்டே போய் நின்னோம். அம்மாதான் மொத வரிசைல போய் ஒழுங்கா நின்னுச்சு, "இது பெரட்டுதானே"ன்னுச்சு. தோட்டத்துல காலங்காத்தால இருட்டுல பேரு கூப்புட்டு ஆள் எண்ணுவாங்களே, அந்த பெரட்டு. நான் யோசிச்சு பாத்தேன், மஸ்டர்னாலே ஆள கூட்டி எண்ணுறதுதானே, தொர காலத்துல இருந்து தோட்டத்துல இத தெனமும் பண்ணிக்கிட்டு இருந்த ஆளுக்கு நான் வெளக்கம் சொல்ல போனேன் பாருங்க. 2012 ஜனவரி 13ல இத்தாலில கோஸ்டா கொன்கோர்டியா பாறைல மோதி சாஞ்சு 32 பேரு செத்தாங்க. அன்னிக்கி ஏறுன நூத்துக்கணக்கான பேருக்கு பயிற்சியே இன்னும் குடுக்கல, மறுநாள் குடுக்கலாம்னு விட்டிருந்தாங்க. அதுக்கப்புறந்தான் கப்பல் கெளம்புறதுக்கு முன்னாலயே, இல்லாட்டி கெளம்புன ஒடனே முடிச்சாகணும்னு சட்டத்த இறுக்குனாங்க. அதனால மொகத்த தூக்கி வச்சிக்காம போங்க, அர மணி நேரந்தான்.

பெரட்டுல ஆரம்பிச்சது, அதுக்கப்புறம் அம்மாவுக்கு கப்பல் முழுக்க தோட்டமாவே தெரிய ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு பக்கமும் கதவு கதவா நீளமா போற காரிடார் "லயம்". புள்ளைங்கள விட்டுட்டு போற கிட்ஸ் கிளப் "ஆயாக்கொட்டாய்". பார் "கள்ளுக்கடை". வெள்ள சட்டைல தங்கப் பட்டி போட்ட கேப்டன் வந்தப்ப "பெரிய தொர வர்றாரு வழி விடு"ன்னு என்ன இழுத்துச்சு. நாங்க சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு. ஆனா கப்பல் கார்ட பத்தி அது சொன்னப்ப சிரிப்பு வரல.

கப்பல்ல காசு செல்லாது. ஏறும்போது ஒரு கார்டு குடுப்பாங்க, அதுதான் ரூம் சாவி, அதுதான் அடையாள அட்டை, அதுதான் பர்ஸு. காப்பி, கோக்கு, போட்டோ, கேம்ஸ் எதுனாலும் அத நீட்டுனா போதும், "பீப்"ன்னு ஒரு சத்தம், வாங்குன பொருளு கைல. அம்மா மொத நாள் ராத்திரியே சொல்லிருச்சு, "இது தோட்டத்து கடை புஸ்தகம் மாதிரிடி, கைல காசு கேக்காம எழுதிக்கிட்டே இருப்பான், சம்பளத்தன்னிக்குத்தான் தெரியும் கைல ஒன்னும் மிஞ்சலன்னு." நான் கேக்கல. புள்ளைக்கு ஐஸ்கிரீம், எனக்கு நல்ல காப்பி, அவருக்கு ரெண்டு பீரு, அது சிங்கப்பூர் வெள்ளில ஓடுற கணக்கு, நம்ம காசுக்கு மாத்திப் பாத்தா நெஞ்சு அடைக்குது. சில கப்பல்ல அமெரிக்க டாலர்ல கூட ஓடும். பஃபேல சாப்பாடு, தண்ணி, சாதாரண டீ காப்பி ஓசி, நல்ல ரெஸ்டாரண்ட்டு, சோடா, வைஃபை எல்லாம் காசு. டிப்ஸும் தலைக்கு இவ்ளோ, ராத்திரிக்கு இவ்ளோன்னு தானா ஏறும், டிக்கெட் வெலைல அது அடங்கியிருக்கா இல்லையான்னு புக் பண்ணும்போதே கேளுங்க. தெனமும் ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி ரூம் டிவிலயோ ஆப்லயோ கணக்க பாருங்க. கடைசி நாள் காலைல போய் பாக்கலாம்னு விட்டீங்கன்னா கவுண்ட்டர்ல கிராணிக்கு முன்னாடி அம்பது பேரு நிப்பாங்க.

காசுன்னா இன்னொன்னு, ஃபோன். கரைய விட்டு வெலகுன ஒடனே ஃபோன ஃபிளைட் மோடுல போடுங்க. நடுக்கடல்ல சிக்னல் காட்டுதேன்னு சந்தோஷப்படாதீங்க, அது கப்பலோட சொந்த டவரு, சேட்டலைட் வழியா போறது, நம்ம ரோமிங் பாஸ் பெரும்பாலும் அதுக்கு செல்லாது. எங்க வீட்டுக்காரரு ரெண்டு வீடியோவ கோயில் குரூப்புக்கு அனுப்புனாரு, அடுத்த மாசம் பில்லுல முன்னூத்து சொச்சம் வெள்ளி. அந்த வீடியோவுக்கு வந்தது மொத்தம் நாலு கட்டவெரலு.

சாப்பாடு பத்தி அம்மா பயந்ததுக்கு நேர்மாறா நடந்துச்சு. நம்ம பக்கம் ஓடுற கப்பல்ல இந்திய சாப்பாடு, சைவம், ஹலால் எல்லாம் தனித்தனியா இருக்கு, ஜெயின் சாப்பாடு கூட போடுறாங்க, வட இந்தியாவுல இருந்து பிளைட் புடிச்சு சிங்கப்பூர் வந்து ஏறுறவங்க நெறைய பேரு. சைவம்னா ஏறுன அப்புறம் சொல்லாம புக் பண்ணும்போதே எழுதி குடுங்க. மாட்டுக்கறி சாப்பிடாதவங்க பஃபேல சட்டிக்கு முன்னாடி இருக்குற அட்டைய படிச்சிட்டு கரண்டி போடுங்க, சந்தேகமா இருந்தா வாய தொறந்து கேளுங்க, சிப்பந்திங்க கோவிச்சுக்க மாட்டாங்க. பசியாற எட்டரைக்கு போனா கூட்டம் தள்ளும், ஏழு மணிக்கே போயிருங்க. அம்மா அஞ்சு மணிக்கே எந்திரிச்சு மேல் மாடில ஒரு ரவுண்டு நடந்துட்டு, கதவு தொறக்குறப்ப மொத ஆளா நிக்கும். தோசையும் சாம்பாரும் பாத்தப்ப அதுக்கு வாயடச்சு போச்சு. "எங்கம்மாவுக்கு இந்த கப்பல் கெடச்சிருக்கக் கூடாதா"ன்னு ஒரே ஒரு தடவ சொல்லுச்சு, அப்புறம் சாம்பார்ல உப்பு கம்மின்னுச்சு.

கைய சோப்பு போட்டு கழுவுங்க, வாசல்ல வச்சிருக்குற ஜெல்ல தடவிட்டு போறது பத்தாது. கப்பல்ல பரவுற வயித்துப்போக்கு வைரஸ், நோரோன்னு பேரு, ஜெல்லுக்கு அவ்ளோவா சாவாது, சோப்பும் தண்ணியும்தான் அதுக்கு சரி. கப்பல்ல டாக்டரு இருக்காரு, ஆனா ஓசி இல்ல, பாத்த ஒடனே மீட்டர் ஓடும், அதனால இன்சூரன்ஸ் எடுத்துருங்க. வயித்துல புள்ள இருக்குறவங்க, 24 வாரம் ஆயிட்டா பெரும்பாலான கப்பல்ல ஏத்தமாட்டாங்க, இது தெரியாம புக் பண்ணி காச விட்டவங்க இருக்காங்க.

சின்ன விஷயம் ஒன்னு, ஆனா ரொம்ப உதவுனது. ரூம் செவுரு எல்லாம் இரும்பு. காந்தம் ஒட்டும். ரெண்டு வெள்ளி கடைல காந்த கொக்கி நாலு வாங்கிட்டு போங்க, தொப்பி, பை, ஈரத்துணி எல்லாம் மாட்டலாம், ரூம் நம்ம குளிக்குற அறைய விட கொஞ்சந்தான் பெருசு. கதவும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், மொத நாளே மவ வேற யாரோ வீட்டு கதவ தட்டி ஒரு தாத்தாவ எழுப்பி விட்டுட்டா. அப்புறம் ஃபிரிட்ஜுல இருந்து எடுத்துட்டு வந்த பிள்ளையார் காந்தத்த எங்க கதவுல ஒட்டுனோம். மூணாவது நாளு பாத்தா அந்த லயத்துல ரெண்டு மூணு பேரு போற வழில அவர தொட்டு கண்ணுல ஒத்திட்டு போறாங்க.

பூக்கெட்ல பெரிய கப்பல் பாத்தோங் கரைக்கு வெளிய நங்கூரம் போட்டு நிக்கும், சின்ன படகுல ஏத்தி கரைக்கு கொண்டு போவாங்க. படகுக்கு எறங்குற எடத்துல கப்பல் ஒரு பக்கம் ஆடும் படகு ஒரு பக்கம் ஆடும், மொட்டி வலி இருக்குறவங்க அவங்க கைய நல்லா புடிச்சிக்கிட்டு, காலு வைன்னு சொல்லும்போதுதான் வைக்கணும். அலை ஜாஸ்தின்னா கரைக்கே விடமாட்டாங்க, அதுக்கு சண்ட போட்டு புண்ணியம் இல்ல. இங்க முக்கியமானது மணி. தாய்லாந்து நம்மள விட ஒரு மணி நேரம் பின்னாடி. கப்பல் நம்ம மணில ஓடுது, கரைல கால் வச்ச ஒடனே ஃபோன் தானா தாய்லாந்து மணிக்கு மாறிக்கும். கடைசி படகு எட்டு மணின்னு கப்பல் சொன்னா, அப்ப ஒங்க ஃபோன்ல ஏழுதான் காட்டும். இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குன்னு மசாஜ்ல படுத்தீங்கன்னா முடிஞ்சுது கதை. கைல பழைய கடிகாரம் ஒன்ன கட்டிக்கிட்டு அத தொடாம விடுங்க. தூரமா சுத்தணும்னா கப்பல்காரங்க டூரே எடுங்க, வெல ஜாஸ்திதான், ஆனா அவங்க டூர் பஸ்ஸு லேட்டானா கப்பல் காத்திருக்கும், நீங்களா புடிச்ச டாக்சி லேட்டானா காத்திருக்காது.

பினாங்குல அந்த செலவே வேணாம். சுவெட்டன்ஹாம் பியர்ல எறங்கி கால் மணி நேரம் நடந்தா லிட்டில் இந்தியா, 1833ல கட்டுன மகா மாரியம்மன் கோயிலு குயின் ஸ்ட்ரீட்ல. நாங்க நடந்தே போய் அர்ச்சன பண்ணிட்டு, வாழ எலைல சாப்புட்டுட்டு, முறுக்கு வாங்கிக்கிட்டு வந்தோம். பிளாஸ்டிக் பைல கட்டுன கொழம்ப கப்பலுக்குள்ள விடல, கட்டி வாங்குன சமச்ச சாப்பாடு கூடாது, கவர் பிரிக்காத முறுக்கு தப்பிச்சிருச்சு. திரும்பி வர்றப்ப பியர்ல அம்மா கொஞ்ச நேரம் நின்னுச்சு. ரஜூலா மொதல்ல தொடுறது பினாங்குதான், அப்புறந்தான் கீழ வரும்னு அம்மாயி சொல்லுமாம். வெயில் மண்டைய பொளந்துச்சு, உள்ள போலாம் வாம்மான்னேன், "இரு, கப்பல்தான் எங்கயும் போவலையே"ன்னுச்சு.

கடைசி நாள் ராத்திரி பெரிய பேக்க எல்லாம் கதவுக்கு வெளிய வைக்க சொல்லுவாங்க, காலைல டெர்மினல்ல எடுத்துக்கலாம். மறுநாள் போடுற துணிய எடுத்து வச்சிட்டுத்தான் பேக்க வைக்கணும், இத நான் மூணு தடவ சொன்னேன். எங்க வீட்டுக்காரரு காலைல எந்திரிச்சு பாத்தாரு, இடுப்புல கைலி, மேல பனியன், மீதி எல்லாம் பேக்ல போயாச்சு. ரூமுக்குள்ளயே ஒக்காந்துக்கலாம்னா எட்டு மணிக்கு காலி பண்ண சொல்றாங்க. என்னோட துப்பட்டாவ தோள்ல போத்திக்கிட்டு இமிகிரேஷன் வரிசைல மூவாயிரம் பேரோட நின்னாரு. அம்மா மட்டும் "மாப்ள நல்லாத்தான் இருக்காரு, எங்கப்பாவும் இப்படித்தான் எறங்குனாராம்"னு சப்போட்டு.

பேக்க எடுத்து, அவருக்கு சிலுவார் மாட்டி, காடி நிப்பாட்டுன எடத்த தேடி, ஜாமெல்லாம் தாண்டி காப்பார் வந்து ஒரு கடைல தே தாரிக் குடிக்க உக்காந்தோம். அம்மா எதையோ தேடுற மாதிரி காலடில பாத்துச்சு, பின் சீட்ட பாத்துச்சு, அப்புறம் என்ன பாத்துச்சு. அந்த சீட்டு என் பர்ஸுக்குள்ளயேதான் இருந்துச்சு. புலாவ் இண்டாவுக்கு திரும்பி போனோம். அறுவது வெள்ளி குக்கருக்கு எண்ணெயும் டோலும் எவ்ளோ ஆச்சுன்னு அவரு கணக்கு சொன்னாரு, அம்மா காதுல வாங்கல. அரிசி ஒரு மணி கூட கொறையல.